12 ஆட்டங்களில் 10 புள்ளி, அடுத்த 8 ஆட்டங்களில் 24: ஒரு கால்பந்து சீசனை ரசிகர்கள் எப்படி மதிப்பிடுவது?

பெங்களூரு: 2022ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் பெங்களூரு எஃப்சி 2-1 என்ற கணக்கில் தோற்றது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரில் அந்த அணிக்கு அது 12ஆவது ஆட்டம். வெற்றி 3, சமன் 1, தோல்வி 8. கையில் இருந்தவை வெறும் 10 புள்ளிகள். அன்றிரவே சீசன் முடிந்துவிட்டதாகப் பல ரசிகர்கள் கணக்கை மூடியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அங்கிருந்து 78 நாட்கள் கழித்து, 2023 மார்ச் 18 அன்று, அதே அணி கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் இறுதிப்போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. லீக் சுற்றின் கடைசி எட்டு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று 24 புள்ளிகளை அள்ளியதே அதற்குக் காரணம்.

அப்படியானால் அந்த சீசன் நல்லதா, மோசமானதா? கேள்வி எளிமையாகத் தோன்றினாலும் விடை எளிதல்ல. ஒவ்வோர் ஆண்டும் தொடர் முடிந்ததும் ரசிகர்கள் தங்கள் அணியின் ஆட்டங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வீரர்களுக்கு மதிப்பெண் தருகிறார்கள், பயிற்சியாளரை எடைபோடுகிறார்கள், யார் தொடர வேண்டும், யார் போக வேண்டும் என்று வாதிடுகிறார்கள். இந்த மதிப்பீட்டைச் சரியாகச் செய்வது எப்படி, அதில் எங்கெல்லாம் தவறு நேர்கிறது, அதனால் என்ன பயன் என்பதை பெங்களூரு அணியின் 2022-23 சீசனை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

புள்ளிப்பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

லீக் ஆட்டத்தில் வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு எதுவும் இல்லை. 2022-23 சீசனில் 11 அணிகள் மோதின. ஒவ்வோர் அணியும் 20 ஆட்டங்களில் ஆடியது. பெங்களூரு 11 வெற்றி, 1 சமன், 8 தோல்வியுடன் 34 புள்ளிகள் பெற்று நான்காம் இடத்தில் நின்றது. 34 புள்ளிகளே பெற்ற ஏடிகே மோகன் பகான் மூன்றாம் இடம் பிடித்தது.

பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது சராசரிக்குச் சற்று மேலான ஓர் அணியின் கணக்கு. ஆட்டத்துக்கு 1.7 புள்ளி என்ற சராசரி வருகிறது. ஆனால் அந்த 1.7 என்ற எண்ணுக்கு ஏற்ப அந்த அணி எந்த மாதத்திலும் ஆடவில்லை. முதல் 12 ஆட்டங்களில் சராசரி 0.83. கடைசி 8 ஆட்டங்களில் சராசரி 3. ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு அணிகள் ஆடியதைப் போன்ற நிலை.

சராசரி இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் சீசனைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது மதிப்பீட்டின் முதல் படி. ஐந்து அல்லது ஆறு ஆட்டங்களுக்கு ஒருமுறை ஒரு கோடு போட்டு, அதுவரை பெற்ற புள்ளி, அடித்த கோல், வாங்கிய கோல் ஆகியவற்றை எழுதி வைத்தாலே போதும். எங்கே சரிவு, எங்கே திருப்பம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அன்றே எழுதும் குறிப்பு ஏன் முக்கியம்?

மனித நினைவு சமமாகப் பதிவு செய்வதில்லை. கடைசியாகப் பார்த்ததும், அதிகம் வலித்ததும்தான் மனதில் நிற்கும். இறுதிப்போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட வீரரை நாம் மறப்பதில்லை. அவர் நவம்பரில் நான்கு ஆட்டங்களில் தற்காப்பைத் தனியாகத் தாங்கியிருந்தாலும் அது நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு மாற்று, ஆட்டம் முடிந்த அன்றே ஐந்தாறு வரிகள் எழுதிவைப்பது. எதிரணி எது, ஆட்டம் சொந்த மைதானத்திலா வெளியிலா, அணி எந்த அமைப்பில் களமிறங்கியது, கோல்கள் எப்படி விழுந்தன, மாற்று வீரர்கள் எந்த நிமிடத்தில் வந்தார்கள், யார் நன்றாக ஆடினார், யார் தடுமாறினார் என்பவை போதும். வீரர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கம் உலகெங்கும் ரசிகர்களிடம் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காரணமும் இருக்க வேண்டும். காரணம் எழுதப்படாத மதிப்பெண் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது.

எழுதும்போது எதிரணியின் நிலையையும் குறிப்பது அவசியம். 2023 பிப்ரவரி 15 அன்று மும்பை சிட்டி அணியை பெங்களூரு 2-1 என வென்றது. அந்த லீக் சுற்றில் அதுவரை தோல்வியே காணாத மும்பைக்கு அதுதான் முதல் தோல்வி. பெருமைக்குரிய வெற்றிதான். ஆயினும் மும்பை அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே, பிப்ரவரி 11 அன்று கோவாவை 5-3 என வென்று, லீக் சுற்றின் முதலிட அணிக்கான ஷீல்டை உறுதி செய்திருந்தது. இந்தக் குறிப்பு பெங்களூருவின் வெற்றியைச் சிறுமைப்படுத்தாது. ஆனால் அது எந்தச் சூழலில் வந்த வெற்றி என்பதை நினைவில் வைக்க உதவும்.

எட்டுத் தோல்விகளில் ஆறு, ஒரே கோலில்

டிசம்பர் 30 வரையிலான எட்டுத் தோல்விகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. ஹைதராபாத், ஒடிசா, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய அணிகளிடம் தலா 1-0. கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-2. மீண்டும் ஈஸ்ட் பெங்காலிடம் 2-1. இந்த ஆறும் ஒரு கோல் வித்தியாசத் தோல்விகள். மும்பையிடம் 4-0, ஹைதராபாத்திடம் இரண்டாம் முறை 3-0 என்ற இரண்டு மட்டுமே நொறுங்கிப்போன ஆட்டங்கள்.

ஒரு கோல் வித்தியாசத் தோல்வி இரண்டு விதமாக அமையலாம். வாய்ப்புகளை உருவாக்கியும் கோலாக்க முடியாமல் தோற்பது ஒன்று. வாய்ப்பே இல்லாமல் தோற்றும் இடைவெளி சிறிதாக இருப்பது மற்றொன்று. முதல் வகை, ஒரு நல்ல முன்கள வீரர் வந்தால் மாறிவிடும். இரண்டாவது வகைக்கு அணியின் ஆட்டமுறையே மாற வேண்டும்.

பெங்களூரு முதல் 12 ஆட்டங்களில் அடித்த மொத்த கோல்கள் 8. வாங்கியவை 17. அதாவது ஆட்டத்துக்கு ஒரு கோல்கூடச் சராசரியாக அடிக்க முடியவில்லை. கடைசி 8 ஆட்டங்களில் அடித்தவை 19, வாங்கியவை 6. முன்களமும் தற்காப்பும் ஒருசேர மாறியிருக்கின்றன. தற்காப்பு ஓரளவு மேம்பட்டது. ஆனால் பெரும் பாய்ச்சல் முன்களத்தில்தான். ஆட்டத்துக்கு 0.67 கோலாக இருந்தது 2.38 ஆக உயர்ந்தது. எனவே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: ஜனவரியில் முன்களத்தில் என்ன மாறியது?

காரைக்குடிப் பக்கத்து இளைஞரும், கேப்டனின் இடமும்

சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் 2001இல் பிறந்தவர். பெங்களூருவின் இரண்டாம் அணி வழியாக முதன்மை அணிக்கு உயர்ந்தவர். அந்த சீசனின் தொடக்கத்தில், 2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவில் நடைபெற்ற டூரண்ட் கோப்பை இறுதிப்போட்டியில் மும்பைக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் அவர்தான். ஆலன் கோஸ்டாவின் இரண்டாவது கோலுடன் 2-1 என வென்ற பெங்களூரு, முதல்முறையாக அந்தக் கோப்பையைக் கைப்பற்றியது.

சீசனின் பிற்பகுதியில் சிவசக்தியும் பிஜி நாட்டு முன்கள வீரர் ராய் கிருஷ்ணாவும் முன்களத்தில் இணைந்து ஆடத் தொடங்கினர். வேகமும் ஓட்டமும் கூடின. சிவசக்தி அந்த லீக்கில் 6 கோல்கள் அடித்து, சிறந்த வளரும் வீரருக்கான விருதையும் பெற்றார்.

ஆனால் ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் மற்றொருவர் வெளியே உட்கார வேண்டும். அப்படி மாற்று வீரர் வரிசைக்குச் சென்றவர் சாதாரண வீரர் அல்ல. 2013இல் கிளப் தொடங்கப்பட்டது முதல் அதன் முகமாக இருந்த, இந்தியாவுக்காக மிக அதிக கோல்கள் அடித்த சுனில் சேத்ரி. அப்போது அவருக்கு வயது 38. பயிற்சியாளர் சைமன் கிரேசன் எடுத்த இந்த முடிவு, ரசிகரின் மதிப்பீட்டில் மிகக் கடினமான இடம்.

அன்பு ஒரு பக்கம், கண்ணெதிரே தெரியும் கணக்கு மறுபக்கம். நேர்மையான மதிப்பீடு என்பது, சேத்ரியின் மீதுள்ள மரியாதை குறையாமலேயே, அவர் தொடக்கத்தில் ஆடாத ஆட்டங்களில் அணி வேகமாக இருந்தது என்று எழுதுவது. அதே கையால், கடைசி அரை மணி நேரத்தில் அவர் களமிறங்கும்போது ஆட்டத்தின் போக்கு எப்படி மாறுகிறது என்பதையும் எழுத வேண்டும். பிளே ஆஃப் ஆட்டங்கள் இந்த இரண்டாவது பகுதியையே நிரூபித்தன.

ஒரே ஃப்ரீ கிக், இரண்டு கணக்குகள்

2023 மார்ச் 3 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான வெளியேற்றுச் சுற்று. 90 நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், மாற்று வீரராக வந்திருந்த சேத்ரி ஃப்ரீ கிக்கை உடனடியாக உதைத்து கோலாக்கினார். எதிரணி தற்காப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் சென்றது. நடுவர் கோல் என அறிவித்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களைக் களத்தைவிட்டு அழைத்துச் சென்றார். ஆட்டம் திரும்பத் தொடங்கவே இல்லை. பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் பெற்ற அணி, எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்கும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விரைவாக உதைக்கலாம். நடுவர் தூரத்தை அளந்து, சுவரை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டால் அவருடைய விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்று நடந்தது இவற்றில் எது என்பதே விவாதம். பெங்களூரு ரசிகருக்கு அது சமயோசிதம். கேரள ரசிகருக்கு அநீதி.

பின்னர் பிளாஸ்டர்ஸின் முறையீடு ஏற்கப்படவில்லை. களத்தைவிட்டு வெளியேறியதற்காக அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்தக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

இத்தகைய நிகழ்வுகளை சீசன் மதிப்பீட்டில் எப்படிச் சேர்ப்பது? நடுவர் முடிவுகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குவது நல்ல வழி. நம் அணிக்குப் பாதகமான முடிவுகளை மட்டும் அல்லாமல் சாதகமானவற்றையும் அதில் எழுத வேண்டும். சீசன் முடிவில் இரண்டு நெடுவரிசைகளையும் ஒப்பிடும்போது, "எப்போதும் நமக்கு எதிராகத்தான் முடிவு வருகிறது" என்ற எண்ணம் பெரும்பாலும் நிற்பதில்லை. மார்ச் 3ஆம் தேதியை பெங்களூரு ரசிகர் எந்த நெடுவரிசையில் எழுதுகிறார் என்பதிலேயே அவருடைய நேர்மை தெரிந்துவிடும்.

பெனால்டி ஷூட் அவுட் தோல்வியை எப்படி எடைபோடுவது?

அரையிறுதியில் மும்பைக்கு எதிராக முதல் ஆட்டத்தை சேத்ரியின் கோலால் 1-0 என வென்ற பெங்களூரு, சொந்த மைதானத்தில் 2-1 எனத் தோற்றது. மொத்தக் கணக்கு 2-2. பெனால்டி ஷூட் அவுட்டில் 9-8 என வென்று இறுதிக்கு முன்னேறியது. இறுதிப்போட்டியில் ஏடிகே மோகன் பகானுக்கு எதிராக 2-2 சமன். சிவசக்தி காயமடைந்து தொடக்க நிமிடங்களிலேயே வெளியேற, அவருக்குப் பதிலாக சேத்ரி வந்தார். சேத்ரி பெனால்டியில் ஒரு கோல் அடித்தார், ராய் கிருஷ்ணா மற்றொன்று. மோகன் பகானின் இரண்டு கோல்களும் டிமிட்ரி பெட்ராடோஸ் அடித்த பெனால்டிகள். ஷூட் அவுட்டில் பெங்களூரு 4-3 எனத் தோற்றது.

ஆறு நாட்கள் இடைவெளியில் ஒரு ஷூட் அவுட் வெற்றி, ஒரு ஷூட் அவுட் தோல்வி. முதலாவதை மன உறுதி என்றும் இரண்டாவதை மனத் தளர்ச்சி என்றும் எழுதுவது எளிது. ஆனால் அந்த ஆறு நாட்களில் ஓர் அணியின் மனம் அப்படித் தலைகீழாக மாறிவிடாது. ஷூட் அவுட்டில் திறமைக்கும் பயிற்சிக்கும் இடம் உண்டு. எனினும் தற்செயலின் பங்கு மிகப் பெரியது. ஆகவே மதிப்பீட்டில் இரண்டையும் சமன் என்ற இடத்தில் வைத்துவிட்டு, முந்தைய 120 நிமிடங்களில் அணி எப்படி ஆடியது என்று பார்ப்பதே பொருத்தம்.

இங்கே உதவுவது "எதிர்பார்க்கப்பட்ட கோல்" என்ற கணக்கு. தொலைக்காட்சியில் "எக்ஸ்ஜி" என்று காட்டப்படுவது இதுதான். ஒவ்வோர் உதையும் கோலாக மாறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை, அது அடிக்கப்பட்ட இடம், கோணம் போன்றவற்றை வைத்து 0 முதல் 1 வரை மதிப்பிடுகிறார்கள். கோல் கம்பத்துக்கு மிக அருகில் காலியாக நிற்பவரின் வாய்ப்பு உயர்ந்தது. 30 மீட்டரிலிருந்து அடிப்பவரின் வாய்ப்பு மிகக் குறைவு. பெனால்டிக்கு ஏறத்தாழ 0.75 முதல் 0.8 வரை தரப்படுகிறது. அதாவது உலகின் நல்ல வீரர்களும் நான்கைந்து பெனால்டிகளில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

ஓர் ஆட்டத்துக்கு இந்தக் கணக்கை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. 20 ஆட்டங்களுக்குச் சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு. உருவாக்கிய வாய்ப்புகளைவிடக் குறைவான கோல்களே ஒரு சீசன் முழுதும் விழுந்திருந்தால், குறை கோலடிப்பவரிடம் இருக்கலாம். வாய்ப்புகளே குறைவென்றால் நடுக்களத்தைத்தான் கேட்க வேண்டும்.

கோப்பையா, முதலிடமா?

பெங்களூரு அந்த சீசனில் மூன்று இறுதிப்போட்டிகளில் ஆடியது. டூரண்ட் கோப்பையை வென்றது. ஐஎஸ்எல் இறுதியில் தோற்றது. ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிசாவிடம் 2-1 எனத் தோற்றது. மூன்றில் ஒரு கோப்பை. லீக்கில் நான்காம் இடம். எதை முதன்மையாக வைப்பது?

இந்தக் கேள்வி பெங்களூரு, சென்னை ரசிகர்களுக்குப் புதிதல்ல. 2017-18 சீசனில் பெங்களூரு 18 ஆட்டங்களில் 40 புள்ளிகளுடன் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. சென்னையின் எஃப்சி 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். ஆனால் 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா அரங்கில் நடந்த இறுதியில் சென்னை 3-2 என வென்றது. 9ஆவது நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்து முன்னிலை தந்தும், மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு கோல்களும் ரஃபேல் அகஸ்டோ ஒரு கோலும் அடித்து ஆட்டத்தைத் திருப்பினர். எட்டுப் புள்ளி முன்னிலை பெற்ற அணிக்குக் கோப்பை இல்லை.

தமிழ் பேசும் கர்நாடக ரசிகருக்கு அந்த இரவு இன்னும் சிக்கலானது. 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தில், தமிழ் பேசும் மக்கள் வாழும் மார்டள்ளி போன்ற ஊர்கள் உள்ளன. அங்குள்ள ரசிகருக்கு மாநிலத்தின் அணி பெங்களூரு, மொழியின் அணி சென்னை. இரண்டு அரங்கங்களும் பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால். அவருக்குக் கால்பந்து என்பது பெரும்பாலும் திரையில் வருவதுதான். அரங்கின் ஆரவாரத்தில் கலக்காமல் தள்ளி இருந்து பார்ப்பவருக்கு ஓர் அனுகூலமும் உண்டு. 40 புள்ளி எடுத்த அணியையும், கோப்பை எடுத்த அணியையும் ஒரே மூச்சில் பாராட்ட அவரால் முடியும்.

லீக் சுற்றின் முதலிடத்துக்கும் மதிப்பு வேண்டும் என்ற வாதத்துக்கு 2019-20 சீசனில் விடை கிடைத்தது. லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கு ஷீல்டு வழங்கும் வழக்கம் அந்த சீசனில் தொடங்கியது. முதல் ஷீல்டை கோவா பெற்றது. அதன்பின் ரசிகர்கள் கோப்பையையும் ஷீல்டையும் தனித்தனிச் சாதனைகளாகக் கணக்கில் எடுக்க முடிந்தது.

மதிப்பீடு எங்கே தவறும்?

சாம்பியன் பட்டம் வென்ற சென்னை, அடுத்த 2018-19 சீசனில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி மட்டுமே பெற்று 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குச் சென்றது. ஒரு சீசனின் முடிவு அடுத்த சீசனுக்கு உத்தரவாதம் அல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பெங்களூருவுக்கும் இதே பாடம் கிடைத்தது. 2023 கோடையில் ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்கும், சந்தேஷ் ஜிங்கன் கோவாவுக்கும், பிரபீர் தாஸ் கேரளாவுக்கும் சென்றனர். எட்டுத் தொடர் வெற்றிகளின் நினைவில் இருந்த ரசிகர் புதிய சீசனையும் அதே நம்பிக்கையோடு தொடங்கியிருப்பார். ஆனால் அந்த வெற்றிகளைத் தந்த அணி அப்போது இல்லை. டிசம்பரில் கிரேசன் நீக்கப்பட்டார். 2023-24 சீசன் முடிவில் 12 அணிகளில் பெங்களூருவுக்குப் பத்தாம் இடம்.

வீரர்களைப் பற்றிய தீர்ப்பும் அப்படியே. 2023இல் சேத்ரியின் காலம் முடிகிறது என்று எழுதியவர்கள் அன்றைய கணக்கின்படி தவறாக எழுதவில்லை. ஆனால் 2024-25 சீசனில், 40 வயதில், அவர் 14 கோல்கள் அடித்தார். இந்திய வீரர்களில் அதுவே அதிகம். மீண்டும் இறுதிக்கு வந்த பெங்களூரு, 2025 ஏப்ரல் 12 அன்று கொல்கத்தாவில் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்டிடம் கூடுதல் நேரத்தில் 2-1 எனத் தோற்றது. சீசன் மதிப்பீடு அந்த ஒரு சீசனுக்கு மட்டுமே உரியது. அதை ஒரு வீரரின் வாழ்நாள் தீர்ப்பாக மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது.

விமர்சிக்க ஓர் அழைப்பு

ரசிகரின் மதிப்பீட்டை யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி எழலாம். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்தியா சீன தைபே அணியை 5-0 என வென்றது. அரங்கில் இருந்தவர்கள் சுமார் 2,500 பேர் மட்டுமே. மறுநாள் சேத்ரி ஒரு காணொளி வெளியிட்டு, அரங்குக்கு வாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். பாராட்டத்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வந்து எங்களை விமர்சியுங்கள், திட்டுங்கள், ஆனால் வாருங்கள் என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அது சேத்ரியின் 100ஆவது சர்வதேச ஆட்டம்.

அந்த வேண்டுகோளின் பொருள் 2025இல் மேலும் தெளிவானது. கால்பந்து கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பரில் முடியவிருந்தது. அடுத்து என்ன என்பது முடிவாகாததால், புதிய ஐஎஸ்எல் சீசன் ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு தன் முதன்மை அணி வீரர்கள், பணியாளர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது. வழக்கமாக ஆட்டங்கள் நடக்கும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் லீக் ஆட்டம் இல்லை. 2026 ஜனவரியில்தான், பிப்ரவரி 14 முதல் சுருக்கப்பட்ட தொடர் நடைபெறும் என்று அறிவிப்பு வந்தது.

அந்த மாதங்களில் ரசிகரின் குறிப்பேட்டில் எழுத எதுவும் இல்லை. 4-0 தோல்வியைப் பற்றிக் கோபத்தோடு எழுத ஓர் ஆட்டம்கூட இல்லாத நிலை அது. மோசமான சீசனைவிடக் கசப்பானது, சீசனே இல்லாதிருப்பது.

எளிய தொடக்கம்

அடுத்த சீசனைப் பதிவு செய்ய விரும்பும் ரசிகருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆட்டத்துக்கு அரைப் பக்கம். ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு கூட்டல். நடுவர் முடிவுகளுக்கு இரு நெடுவரிசை. சீசன் நடுவில், டிசம்பர் இறுதியில், அதுவரை எழுதியதை ஒருமுறை வாசித்து, "இந்த அணி எங்கே முடியும்" என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். தொடர் முடிந்ததும் முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

2022 டிசம்பர் 30 அன்று பெங்களூரு ரசிகர் ஒருவர் அப்படி எழுதியிருந்தால், அந்தக் கணிப்பு நிச்சயம் தவறியிருக்கும். ஆயினும் அது வீண் போன பக்கமல்ல. ஆறு ஒரு கோல் தோல்விகளில் தான் எதைக் கவனிக்கத் தவறினோம் என்பதை அவருக்கு அந்தப் பக்கம் மட்டுமே சொல்லியிருக்கும்.